மலை இறக்கத்து வாந்தி என்று விட்டுவிட்ட ஒரு தலையடி

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது ஒருவர் வாந்தி எடுத்தால் சேலத்துக்காரர்கள் பதற மாட்டோம். இருபது கொண்டை ஊசி வளைவு, பஸ்ஸில் போனாலும் காரில் போனாலும் வயிறு புரட்டத்தான் செய்யும். எலுமிச்சம்பழத்தை மோந்துகொள், முன்சீட்டுக்கு வா, அடிவாரம் போனதும் ஒரு சோடா குடி, அவ்வளவுதான் வைத்தியம். அதனால்தான் போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி என் அத்தை மகன் வீட்டுக்கு வந்து இரண்டு தடவை வாந்தி எடுத்தபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நடந்தது இதுதான். வாடகைக் காரில் மேலே போய்விட்டு இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வளைவில் மேலே ஏறி வரும் பஸ் திரும்பட்டும் என்று டிரைவர் நிறுத்துகிறார். பின்னால் வந்த வேனுக்கு பிரேக் பிடிக்கவில்லையோ, பிடிக்க நேரமில்லையோ, வந்து டிக்கியில் முட்டிவிட்டது. வேகம் ஒன்றும் அதிகமில்லை. கண்ணாடி உடையவில்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. பின்சீட்டில் இருந்த நம்ம ஆள் இறங்கி வேன் டிரைவரோடு சத்தம்கூடப் போட்டிருக்கிறான். அந்தப் பையன், "அண்ணா, கேஸெல்லாம் வேண்டாம்ணா, ஓனர் என்னைத் தூக்கிடுவார்" என்று கெஞ்ச, பம்பருக்கு இரண்டாயிரம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அடிவாரத்தில் டீ குடித்திருக்கிறார்கள். டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு "நாம மேல போறோமா, கீழ இறங்குறோமா?" என்று இவன் கேட்டதாகக் கார் டிரைவர் ஒரு வாரம் கழித்துச் சொன்னார். அப்போது எல்லோரும் சிரித்தார்களாம். இவனுக்கு அந்த டீக்கடை இன்றுவரை ஞாபகமில்லை.

இதற்குத்தான் கன்கஷன் என்று பெயர். தமிழில் மூளை அதிர்வு என்று எழுதுகிறார்கள், நல்ல சொல்தான், ஆனால் ஆஸ்பத்திரியில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை, "உள்ளே ஒன்றுமில்லை, லேசான தலைக்காயம்" என்பார்கள். அந்த "லேசான" என்பது மருத்துவக் கணக்கில் வரும் லேசு. கண் திறக்கிறானா, பேசுகிறானா, கை கால் அசைக்கிறானா என்று பார்த்து 15-க்கு மதிப்பெண் போடுவார்கள், கிளாஸ்கோ அளவுகோல் என்று பெயர். 13-லிருந்து 15 வரை வந்தால் லேசானது. நம்ம ஆள் 15-க்கு 15. அதற்காக அவன் வாழ்க்கையில் விழுந்த அடியும் லேசு என்று ஆகிவிடாது.

மூளை மண்டைக்குள் நீரில் மிதக்கிற பொருள். முற்றிய கொப்பரைத் தேங்காயை ஆட்டிப் பார்த்திருப்பீர்கள், ஓட்டில் கீறல்கூட இருக்காது, உள்ளே மட்டும் ஆடும். மூளை அவ்வளவு தளர்வாக ஆடுவதில்லை, ஆனால் நிற்கிற வண்டியைப் பின்னாலிருந்து இன்னொன்று முட்டும்போது உடம்பு ஒரு வேகத்திலும் தலை இன்னொரு வேகத்திலும் போய்த் திரும்புகிறது, மண்டை நின்ற பிறகும் மூளை கண நேரம் நகர்ந்து முறுக்கிக்கொள்கிறது. தலை எதிலும் இடிக்கத் தேவையே இல்லை. அந்த இழுப்பில் நரம்பு இழைகள் நீண்டு, செல்களுக்குள் இருக்கிற உப்புகளின் சமநிலை குலைந்து, அதைச் சரிசெய்ய மூளை ஏகப்பட்ட சக்தியைச் செலவழித்துச் சோர்ந்து போகிறது. இது உடைசலோ ரத்தக்கசிவோ இல்லை, வேலை செய்யும் விதத்தில் வந்த கோளாறு. அதனால்தான் சி.டி. ஸ்கேனில் தெரிவதில்லை. ஸ்கேன் எடுப்பது கன்கஷனைக் கண்டுபிடிக்க அல்ல, ரத்தம் கசிகிறதா, எலும்பு விரிந்திருக்கிறதா என்று பார்த்து அவற்றை ஒதுக்கத்தான். "ஸ்கேன் நார்மல்" என்றால் உயிருக்கு உடனடி ஆபத்து தெரியவில்லை என்று அர்த்தம், அடியே படவில்லை என்று அர்த்தமில்லை. இந்த ஒரு வாக்கியத்தைப் புரிய வைக்க எங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு மாதம் போராட வேண்டியிருந்தது. அதற்குள் "பையன் பயந்துட்டான்" என்று மந்திரித்துக் கயிறும் கட்டிவிட்டார்கள்.

மயங்கி விழுந்தால்தான் மூளையில் அடி என்பதும் தப்பு. கன்கஷன் வந்தவர்களில் பெரும்பாலோர் நினைவு தப்புவதே இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு, வெளிச்சம் கூசுவது, சத்தம் தாங்காமல் எரிச்சல், கேட்டதையே திரும்பக் கேட்பது, தூக்கம் கெடுவது, காரணமில்லாமல் கோபம், இவைதான் அடையாளம். சில உடனே வரும், சில இரண்டு நாள் கழித்து வேலைக்குப் போன பிறகுதான் தலைகாட்டும். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். சிலருக்கு மூன்று மாதம் தாண்டியும் இழுக்கும். முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, போனையும் டிவியையும் குறைத்துக்கொள்வது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வேலைக்குத் திரும்புவது என்பதுதான் இப்போது சொல்கிற வழி. மாதக்கணக்கில் இருட்டறையில் படுத்துக் கிடக்கச் சொல்வதில்லை.

ஆனால் சில விஷயங்களுக்கு ஓய்வு, கயிறு எதுவும் வேலைக்காகாது. வாந்தி திரும்பத் திரும்ப வந்தால், தலைவலி ஏறிக்கொண்டே போனால், எழுப்பினால் எழாத தூக்கம் தூங்கினால், வலிப்பு வந்தால், பேச்சு குழறினால், ஒரு கை ஒரு கால் மரத்தால், ஒரு கண் பாப்பா மட்டும் பெரிதாகத் தெரிந்தால், மூக்கு அல்லது காது வழியாகத் தண்ணி மாதிரி ஒழுகினால் உடனே 108. வயசானவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் விஷயத்தில் இன்னொரு பயமும் இருக்கிறது. அடிபட்டு இரண்டு மூன்று வாரம் கழித்து மெதுவாகக் கசிந்த ரத்தம் மூளையை அழுத்தும், நடை தள்ளாடும், பேச்சு மாறும், வீட்டில் அதை முதுமை என்று நினைத்துவிடுவார்கள். ரத்தம் வெளியே வந்துவிட்டால் ஆபத்தில்லை என்று ஒரு நம்பிக்கை உண்டே, அதை நம்பாதீர்கள். வெளியே வந்த ரத்தத்துக்கும் உள்ளே கசிகிற ரத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை.

சரி, சட்டத்துக்கு வருவோம். எங்கள் கதை கெட்டுப்போனது அங்கேதான்.

திங்கட்கிழமை மதியம் அவனால் உட்கார முடியவில்லை என்றதும் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். வாசலிலேயே யாரோ விவரம் தெரிந்தவர் சொல்லியிருக்கிறார், ஆக்சிடென்ட் என்றால் போலீஸ் கேஸ் ஆகும், அலைய வேண்டிவரும், கீழே விழுந்ததாகச் சொல்லுங்கள் என்று. அப்படியே சொன்னார்கள். "பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்." சீட்டில் அது ஏறிவிட்டது. அடுத்து டூட்டி டாக்டர் வழக்கமான நாலு கேள்வி கேட்டிருக்கிறார். நினைவு தப்பியதா, வாந்தி உண்டா, வலிப்பு உண்டா, காது மூக்கில் ரத்தம் வந்ததா. இவன் நாலுக்கும் "இல்லை சார்" என்றிருக்கிறான். வாந்தி எடுத்தது அவனுக்கே ஞாபகம் இல்லை! எடுத்ததைப் பார்த்த அவன் மனைவி பில் கவுன்டரில் நின்றுகொண்டிருந்தாள். தலைக்காய நோயாளியிடம் கேட்ட கேள்விக்குத் தலைக்காய நோயாளி சொன்ன பதில், அதுதான் முதல் ஆவணம். கூட இருந்து பார்த்தவர் டாக்டர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதை நான் இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

எலும்பு முறிவு என்றால் எக்ஸ்ரே சாட்சி சொல்லும். வெட்டுக்காயத்துக்குத் தழும்பு சாட்சி. கன்கஷனுக்கு அப்படி எதுவும் கிடையாது, முதல் நாள் சீட்டுதான் பெரிய சாட்சி. படத்தில் தெரியாத அடி தாளிலும் இல்லை என்றால், இழப்பீடு கேட்கிற இடத்தில் அது நடக்கவே இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீலுக்கு "வழுக்கி விழுந்தேன்" என்ற இரண்டு வார்த்தை போதும்.

இன்னொரு வேடிக்கை, அந்தப் பொய்யால் மிச்சமானதாக நினைத்த காசும் மிச்சமாகவில்லை. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் அரசே ஏற்கிற 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. மத்திய அரசின் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் 2025 மே மாதம் வந்தது, விபத்து நாளிலிருந்து ஏழு நாளுக்கு ஒன்றரை லட்சம் வரை. பாத்ரூமில் விழுந்தவனுக்கு இரண்டும் கிடையாது. ஸ்கேனுக்குச் சொந்தக் காசு கட்டினார்கள்.

மூன்றாம் நாள் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் நடந்ததை நடந்தபடி சொன்னோம். அங்கே விபத்துப் பதிவேட்டில் எழுதினார்கள். ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். எந்த வண்டி, எந்த இடம், எத்தனை மணி, என்ன தொந்தரவு எல்லாம் அதில் வரவேண்டும். பக்கத்தில் நின்று, "வாந்தியையும் எழுதிக்கோங்க சார், கேட்டதையே கேட்கிறார், வெளிச்சம் பார்க்க முடியலை" என்று அவன் மனைவி ஒவ்வொன்றாகச் சொன்னாள். அப்புறம் விபத்து நடந்த எல்லைக்குரிய ஸ்டேஷனில் புகார். விபத்து நடந்து ஆறு நாள் கழித்துத்தான் எஃப்.ஐ.ஆர். தாமதமாகிவிட்டதே என்று பயந்தோம். தாமதம் ஒன்றையே காரணமாக வைத்து இழப்பீட்டை மறுக்கக் கூடாது, அடிபட்டவரின் வீட்டார் முதலில் ஓடுவது ஆஸ்பத்திரிக்குத்தானே தவிர ஸ்டேஷனுக்கு அல்ல என்கிற நிலையை 2011-ல் ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்திருக்கிறது. ஆனால் தாமதத்துக்கு விளக்கம் சொல்லலாம், பொய்க்கு விளக்கம் சொல்வது கஷ்டம்.

வழக்கு பதிவானதும் போலீஸ் சும்மா இருக்க முடியாது. 2022 ஏப்ரல் 1 முதல் அமலான விதிகள்படி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கை, இழப்பீட்டை முடிவு செய்கிற மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் போக வேண்டும், 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கை. நடைமுறையில் யாராவது பின்னால் நின்று கேட்டுக்கொண்டே இருந்தால்தான் வேகம் வரும், அது நமக்குத் தெரிந்ததுதான்.

இங்கே கன்கஷன்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் இருக்கிறது, இதைப் பலர் தவற விடுகிறார்கள். எலும்பு முறியவில்லை என்பதால் காயச் சான்றிதழில் "சாதாரண காயம்" என்று போட்டுவிடுவார்கள். கொடுங்காயம் எது என்பதை புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-வது பிரிவு சொல்கிறது. எலும்பு முறிவு, பார்வை போவது என்று வரிசையாக வந்து கடைசியில் ஒன்று, 15 நாள் கடும் வலியில் இருந்தாலோ தன் வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனாலோ அதுவும் கொடுங்காயம். பழைய தண்டனைச் சட்டத்தில் இது 20 நாளாக இருந்தது. பதினைந்து நாள் வேலைக்குப் போகவில்லை என்பதை டாக்டர் சீட்டோடு காட்ட முடிந்தால் பேச்சே வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 164-வது பிரிவில், யார் மேல் தப்பு என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் கேட்கலாம், சாதாரண காயத்துக்கு அந்த வழி இல்லை. ஆகவே மூன்றாம் நாள், பத்தாம் நாள், இருபதாம் நாள் என்று ஆஸ்பத்திரிக்குப் போய் இன்னும் தலைவலி இருக்கிறது என்பதைப் பதிய வைக்க வேண்டும். வீட்டில் பொறுத்துக்கொண்டு படுத்திருப்பது வீரம்தான், ஆனால் கோப்பில் வராது.

164-ஐ விட்டு, 166-வது பிரிவில் மனு போட்டால் இரண்டரை லட்சம்தான் என்ற கட்டு கிடையாது, ஆனால் எதிர் வண்டியின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். மனுவை விபத்து நடந்த இடத்தில்தான் போட வேண்டும் என்பதில்லை. தொப்பூர் கணவாயில் அடிபட்டாலும், கேரளாவில் அடிபட்டாலும், நீங்கள் சேலத்தில் குடியிருந்தால் அஸ்தம்பட்டியில் இருக்கிற நீதிமன்ற வளாகத்திலேயே தீர்ப்பாயத்தில் போடலாம். 2022-லிருந்து ஆறு மாதக் கெடு வந்திருக்கிறது. அந்தக் கெடுவை எதிர்த்து வழக்கு நடக்கிறது, 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம், தாமதம் என்பதற்காக மட்டும் மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று இடைக்கால உத்தரவும் போட்டிருக்கிறது. இருந்தாலும் அதை நம்பி உட்கார்ந்திருப்பது நல்லதல்ல. கன்கஷனில் ஆறு மாதம் என்பது, தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருப்பதிலேயே ஓடிவிடும்.

எவ்வளவு கிடைக்கும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு என் மச்சானின் தொழிலைச் சொல்லியாக வேண்டும். அவன் கொலுசுப் பட்டறைக்காரன். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போனால் தெரியும், நெல்லை விடச் சின்ன வெள்ளி வளையங்களை ஒன்றோடொன்று கோத்து, ஊதுகுழல் நெருப்பில் ஒவ்வொரு கண்ணியாகப் பற்ற வைக்கிற வேலை. கண்ணும் கையும் ஒரே புள்ளியில் நிற்க வேண்டும். விபத்துக்கு முந்திய வாரம் வரைக்கும் பேசிக்கொண்டே செய்வான். அப்புறம் போய் உட்கார்ந்தான், நெருப்பு நாக்கைப் பத்து நிமிடம் பார்த்ததும் கண்ணுக்குப் பின்னால் ஆணி அடிக்கிற மாதிரி வலி, பக்கத்து மிஷின் சத்தத்தில் எண்ணிக்கை விட்டுப்போகிறது, நூறு கண்ணி கோக்கிற இடத்தில் தொண்ணூற்றெட்டு வருகிறது. நடக்கிறான், சாப்பிடுகிறான், சிரிக்கிறான். டாக்டர் போர்டு முன்னால் நின்றால் ஊனம் என்று சொல்ல என்ன இருக்கிறது?

2010-ல் உச்ச நீதிமன்றம் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் இதற்கு ஒரு வழி காட்டியது. உடம்பில் எத்தனை சதவீத ஊனம் என்பது ஒன்று, அந்த ஊனத்தால் அவர் பார்க்கிற வேலையில் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பது வேறொன்று, இழப்பீட்டை இரண்டாவதை வைத்துப் போட வேண்டும் என்று. இடது கை போனால் டிரைவருக்குத் தொழிலே போச்சு, குமாஸ்தா வேலையில் தொடரலாம், அந்த மாதிரிக் கணக்கு. வெளிச்சம் கூசுவது மளிகைக் கடைக்காரருக்கு ஒரு தொந்தரவு, கொலுசுப் பட்டறைக்காரனுக்குச் சாப்பாட்டுப் பிரச்சினை. ஆனால் அதைத் தீர்ப்பாயத்துக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். ஞாபகம், கவனம், வேகம் எல்லாவற்றையும் மணிக்கணக்கில் உட்கார வைத்துச் சோதிக்கிற நரம்பு உளவியல் பரிசோதனை என்று ஒன்று இருக்கிறது, பெங்களூருவில் மனநலம், நரம்பியல் பார்க்கிற நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் செய்கிறார்கள், இங்கிருந்து நாலைந்து மணி நேரப் பயணம். ஸ்கேன் காட்டாததை எண்ணில் காட்டுவது அதுதான். மூன்று மாதம் தாண்டியும் தொந்தரவு தீரவில்லை என்றால் உங்கள் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

வக்கீல் விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் விபத்து வக்கீல்கள் விளம்பரப் பலகை வைத்து, ஜெயித்தால் வரும் தொகையில் பங்கு எடுத்துக்கொள்வார்கள், அங்கே அது முறை. இங்கே பார் கவுன்சில் விதிகளில் விளம்பரமும் கூடாது, வரும் தொகையில் பங்கு பேசுவதும் கூடாது. ஆனால் ஆஸ்பத்திரி வார்டில் பழம் வாங்கிக்கொண்டு வந்து, "எல்லாம் நாங்க பார்த்துக்கறோம், இதில ஒரு கையெழுத்து போடுங்க" என்கிற ஆட்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். எங்களிடமும் ஒருவர் வந்தார். தலைக்காயத்தோடு படுத்திருப்பவன் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடுவதைவிட ஆபத்தான காரியம் வேறில்லை. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்கள் என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கேட்கலாம், 15100-க்குப் போன் போட்டால் வழி சொல்வார்கள். லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்தில் சமரசமும் முடியும். ஆனால் கன்கஷன் வழக்கைச் சூட்டோடு சூடாகச் சமரசம் பேசி முடித்துக்கொள்வது பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. தொந்தரவு எவ்வளவு காலம் நிற்கும் என்று தெரிவதற்கு முன்னால் முடித்துவிட்டால், மறுபடி போய்க் கேட்க முடியாது.

எங்களுக்குக் கிடைத்த வக்கீல் மேடம் முதல் நாளே அவன் மனைவியிடம், "தினமும் என்ன செய்ய முடியலையோ அதை ஒரு நோட்டில் எழுதிவைம்மா" என்று சொன்னார். அவள் நோட்டெல்லாம் வாங்கவில்லை. சமையல்கட்டில் தொங்குகிற தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழிப்பதற்கு முன்னால் பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவில் எழுதினாள். "பட்டறைக்குப் போய் 11 மணிக்குத் திரும்பிட்டார்." "பாப்பா அழுததுக்குத் தட்டை எறிஞ்சார், அப்புறம் அழுதார்." "இன்னைக்குத் தலைவலி மாத்திரை 3." தேதி அச்சிலேயே இருக்கிறது, ராகு காலத்தோடு. நாலு மாதத் தாள்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "சாரிண்ணா, சிலதில மளிகைச் சாமானும் எழுதிட்டேன்" என்று என்னைப் பார்த்துக் கூச்சப்பட்டாள். மேடம் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, தக்காளி ஒரு கிலோ, தலைவலி காலையிலிருந்து என்று ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்த தாளை மேலே எடுத்து வைத்தார்.